குடிமாறினால் மாநிலம் மாறுமா?

பணி ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து திருப்பூரில் மகள் வீட்டுக்குக் குடிவந்தவன் நான். "அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ், இது எப்படி வெளிமாநிலம்?" என்று இங்குள்ள நண்பர்கள் கேட்கிறார்கள்.

இதில் தூரம் கணக்கில்லை. புறப்படும் வீடும் போய்ச்சேரும் வீடும் எந்த எல்லைக்குள் என்பதே கணக்கு. புதுச்சேரியிலிருந்து காரைக்கால் நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் கடலூர், சிதம்பரம் என்று தமிழ்நாடுதான். ஆனாலும் மாநிலம் மாறவில்லை. கூப்பிடு தூரத்துக் கோட்டக்குப்பத்துக்குக் குடிபோனால் மாறிவிடும்! 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த இடங்கள் அப்படிச் சிதறிக் கிடந்தன. சட்டத்தின் கண்ணில் யூனியன் பிரதேசமும் மாநிலம்தான்.

புழங்கிய பாத்திர பண்டங்களுக்கு இ-வே பில் வேண்டாம். வண்டிதான் கவனம்: 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டு எண் பெற வேண்டும். ஓட்டுரிமைக்குப் படிவம் 8.

பனியன் கம்பெனிக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எல்லை என்பது சோற்றுக் கணக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த ஊர் ரேஷன் அட்டை இருந்தால், அதைக் கொண்டே இங்கும் தானியம் வாங்கலாம். வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதை அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.