மார்கழி மழையும் ஆறுமணிக்குருவியும்

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கரிசல் காடு. மழைக்கு ஏங்கும் பூமி. அதனால் 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை கொட்டிய மழையை முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று மறுநாள் கேள்விப்பட்டபோதுதான் அதன் மூர்க்கம் புரிந்தது. எங்களுக்கு அந்த அளவு இல்லை. புறவாசல் முருங்கை மட்டும் முறிந்து விழுந்தது.

காற்றுக்கு நிற்காத மரம்தான். ஆனால் அதன் பூவை நம்பி ஒரு ஜோடி தேன்சிட்டு இருந்தது. கிளையில் உட்காரும்போது காலின் தசைநார் இறுகி, விரல்கள் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் காற்றைக் குருவிகள் ஓரளவு சமாளித்துவிடும். பசியைத்தான் சமாளிக்க முடியாது. இறகு நனைந்தால் உடம்புச் சூடு இறங்கும். சூட்டுக்கு இரை வேண்டும். அடைமழையில் பூச்சி பறக்காது, பூவும் உதிர்ந்துபோகும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இரவிரவாகப் பறந்து தெற்கே வரும். சில இலங்கை வரை போகும். அது வரும் காலமும் வங்கக்கடலில் புயல் கிளம்பும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது என்ன கணக்கோ! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்து, பறவைகளும் மான்களும் செத்தன. வலசை வந்த பறவைகள் கூடியிருக்கும் நேரம் அது.

எங்கள் விருந்தாளி தரையில் சருகைக் கிளறிப் புழு தின்கிற ஜாதி. தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர். திங்கட்கிழமை காலை மாடிப்படிக்குக் கீழே விறகின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, வெட்டிவிட்டது போல் குட்டை வால்.

"பாவம், நாலு அரிசி போடுங்களேன்" என்றாள் வீட்டுக்காரி.

அரிசி அதற்கு ஆகாது. மேட்டில் கிடந்த தென்னஞ்சருகுக் குவியலை மண்வெட்டியால் புரட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து கொத்த ஆரம்பித்தது.

செவ்வாய் அந்தியில் கூவல் இல்லை. புதன் விடியலில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்த இரட்டைச் சீழ்க்கை கேட்டது. அதே குருவிதானா என்று சத்தியம் பண்ண முடியாது.

விழுந்த முருங்கையில் மூன்று போத்து வெட்டி நட்டேன். அது பூக்கும் வரை தேன்சிட்டுகளுக்குச் செம்பருத்திதான்.