கடலே இல்லாத ஊரில் ஓடிய அலைப்படம்

கோடையைத் துரத்திக்கொண்டே உலகைச் சுற்றினால் குளிர்காலமே வராது. இந்த ஒற்றை வரி யோசனையை நம்பித்தான் புரூஸ் பிரவுன் ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ ஆவணப்படத்தை எடுத்தார். செலவு சுமார் 50,000 டாலர். மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரண்டு கலிபோர்னியா இளைஞர்கள் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு செனகல், கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று கிளம்ப, 16 மி.மீ. கேமராவுடன் பின்னாலேயே பிரவுன்.

படத்தின் உச்சம் தென்னாப்பிரிக்கக் கடற்கரையான கேப் செயின்ட் பிரான்சிஸ். மணல்மேடுகளில் ஏறி இறங்கி வருகிறவர்களுக்கு எதிரே, அச்சில் வார்த்தாற்போல ஒரே சீராக அலைகள். ஹின்சன் ஏறி நிற்கிறார். அலை உடையாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

விநியோகஸ்தர்களோ கையை விரித்துவிட்டார்கள். கடற்கரை ஊர்களைத் தாண்டினால் இதை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பிரவுன் விடவில்லை. கடலே இல்லாத கான்சாஸின் விச்சிட்டாவில், அதுவும் கடுங்குளிரில் திரையிட்டார். இரண்டு வாரம் அரங்கு நிறைந்தது! பிறகு நியூயார்க்கில் தானே ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்தார். அங்கே ஏறக்குறைய ஓராண்டு ஓடியது.

குறையும் உண்டு. நிறவெறிச் சட்டம் கோலோச்சிய 1960களின் தென்னாப்பிரிக்காவைச் சுறாவை வைத்து ஒரு ஜோக் அடித்துவிட்டுக் கடந்துபோகிறது படம். இன்று பார்க்கையில் அந்த இடம் நெருடுகிறது.

2002-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற படம் இது. பார்ப்பதானால் பெரிய திரையில் பாருங்கள், கைப்பேசியில் வேண்டாம்.