பால்மாப் பேணிக்குள் இருந்த குளிசைகள்

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் பின்னேரப் படகில் திரும்புகிறவர்களின் பைகளைப் பார்த்தால், மரக்கறியோடு ஒரு கிளினிக் கொப்பியும் மருந்துப் பொட்டலமும் இருக்கும். பிரஷர், சீனி, கொலஸ்ரோல் மூன்றும் இப்போது சேர்ந்தே குடிவருகின்றன.

கணவரை இழந்து தனியே வாழும், அறுபதைக் கடந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பப் போயிருந்தேன். அடையாள அட்டை எடுக்கப் பால்மாப் பேணியைத் திறந்தார். உள்ளே மூன்று மாதத்துக் கொலஸ்ரோல் குளிசைகள், பிரிக்காமலே கிடந்தன.

"போடேல்லையோ அம்மா?"

"போட்டால் துடை ரண்டும் உளையுது பிள்ளை. கிணத்தடியிலை குந்தி எழும்ப ஏலாது. டொக்டர் பேசுவார் எண்டு சொல்லேல்லை. கேட்டால் போடுறன் எண்டுதான் சொல்லுறனான்."

நான் உடனே மாரடைப்பு, பாரிசவாதம் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். டொக்டருக்கும் இதே தலையாட்டல்தானே கிடைத்திருக்கும் என்பது திரும்பும் படகில்தான் எனக்கு உறைத்தது. மரியாதைக்குச் சொல்லும் 'ஓம்' பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான்!

தாதியான என் சிநேகிதியிடம் விசாரித்தேன். ஸ்ரற்றின் வகைக் குளிசைகள் ஈரல் கொலஸ்ரோல் உண்டாக்குவதைக் குறைப்பவை. சிலருக்குத் தசை உளைவு வரும். வயது போனவர்கள், மெலிந்த பெண்கள், தைரொயிட் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அதற்கான வாய்ப்புக் கூட. சில அன்ரிபயோற்றிக், பங்கசு மருந்துகள் சேர்ந்தாலும் அப்படியே. இரத்தத்தில் சீனி சற்று ஏறவும் கூடும். தாங்க முடியாத தசைநோவோடு சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. அது அரிது, ஆனால் சிறுநீரகத்தையே பாதிக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளைக்கு எதிர்பார்த்திருப்பவர்களும் டொக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். பக்கவிளைவு என்று இக்குளிசையை நிறுத்தியிருந்த 60 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று 2020 இல் வெளிவந்தது. சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் மருந்தில்லாத வெறுங் குளிசை, சில மாதம் ஒன்றுமேயில்லை. வெறுங் குளிசை போட்ட மாதங்களிலும் ஏறக்குறைய அதேயளவு உபாதை! பாதிப்பேர் பின்னர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார்களாம். இதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கும் மனப்பயம்தான் என்று முடிவுகட்ட எனக்கு ஆசையாக இருந்தது. நல்லகாலம், கட்டவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். பேணியையும் கொண்டுபோனோம். டொக்டர் பேசவில்லை. குளிசையைச் சிலகாலம் நிறுத்தச் சொல்லி, தசைக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுப்பித்தார். தைரொயிட் நன்றாகக் குறைந்திருந்தது. உளைவுக்கு மட்டுமல்ல, கொலஸ்ரோல் ஏறுவதற்கும் அது காரணமாகலாமாம். முதலில் அதற்கு மருந்து. பிறகுதான் குறைந்த அளவில் வேறொரு ஸ்ரற்றின்.

இதற்கெல்லாம் அவர் நாலு தடவை கடல் கடந்தார். கடல் கொந்தளித்து ஒருநாள் படகே இல்லை.

போனமாதம் போனபோது கிணற்றடியில் பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தார். "உளைவு அடியோடை போகேல்லை பிள்ளை," என்றார். "ஆனால் இப்ப டொக்டரிட்டை உள்ளதைச் சொல்லிப்போட்டுத்தான் வாறனான்."