புறக்கோட்டையிலே தலையிடி மருந்து

நோய்களுள் தலையிடியைப் போல் எளியதும் இல்லை. அதற்கு மருந்து விற்பாரைப் போற் பெருகியவரும் இல்லை. புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவிலே மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதிப் பல்லாண்டு கழித்தவன் யான். எதிரே ஒரு மருந்துக்கடை. கூப்பிடு தூரத்தில் கேபோஸ் ஒழுங்கை. அங்கே வேர்க்கொம்பும் திப்பிலியும் மல்லியும் சாக்குச் சாக்காய் மணக்கும். மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலோ பனடோலும் டிஸ்பிரினும், 1893இல் பம்பாயிலே தோன்றிய அமிர்தாஞ்சனமும், நம் நாட்டுச் சித்தாலேபவும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்.

போட்டி மிகுந்தால் விலை குறையும் என்று கல்லூரியிற் படித்தோம். யான் அங்கே கண்டது வேறு. போட்டியெல்லாம் பெயருக்கும் பெயருக்குமே நடந்தது.

பரசிற்றமோல் என்னும் பொருளை அமெரிக்கரான மோர்ஸ் என்பார் 1878இல் முதன்முதல் ஆக்கினார். நெடுங்காலம் அது பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1956இல் பனடோல் என்னும் பெயர் பூண்டு பிரித்தானியாவிலே விற்பனைக்கு வந்தது. உரிமை பல கைமாறி, 2022இல் ஹேலியன் என்னும் கம்பனியை அடைந்தது. முதலாளிகள் மாறினர்; பெயர் மாறவில்லை. நம் நாட்டிலோ அப்பெயரே மருந்தின் பெயராகிவிட்டது. அரசாங்கத் தொழிற்சாலையும் அதே 500 மில்லிகிராம் பரசிற்றமோலைச் செய்கின்றது.

“அம்மா, இது அரசாங்கக் குளிசை; விலை குறைவு, மருந்து ஒன்றுதான்” என்பார் கடைக்காரர்.

“வேண்டாம் தம்பி, பனடோலே தாரும்” என்பார் வந்த அம்மையார்.

இவ்வுரையாடலை எத்தனை முறை கேட்டிருப்பேன்! கற்றோரும் இதற்கு விலக்கல்லர். இரசாயனத்திற் பரிசு பெற்ற எம் வகுப்பு நண்பரொருவரும் பெயர் பார்த்தே வாங்குவார்.

இம்மயக்கத்தை உடைக்க முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகிய அவர், மருந்துகளைப் பொதுப்பெயராற் கேள்விப்பத்திரம் கோரி இறக்குமதி செய்ய வழி வகுத்தார். 1977இல் கயானாவிலே மறைந்தார். அவர் கொள்கையைப் பிறநாட்டாரும் போற்றினர்.

காசு ஒருபுறம் இருக்க, உயிரும் இதிற் கலந்துள்ளது. மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கு முதுகு நோவு நாடோறும் உள்ளது. வைத்தியரிடம் போனால் அன்றைய கூலி போயிற்று. ஆதலின் மருந்துக்கடையே அவர்க்கு வைத்தியசாலை. 2017இல் இந்நாட்டிலே டெங்கு 186,000 பேருக்கு மேற் கண்டது. அவ்வாண்டில் இளம் நாட்டாமையொருவன் காய்ச்சலும் உடல் உளைவுமாய் வந்தான்.

“பனடோலுக்கு நிற்கவில்லை அண்ணே, பலமான குளிசையாய்த் தாருங்கள்” என்றான்.

கடைக்காரர் மறுத்துவிட்டார். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக் ஆகியன டெங்கு நோயாளர்க்கு இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடியவை என்பதை அவர் அறிவார். மேலும் வினவியபோது, அவன் பனடோலோடு தடிமனுக்கென வேறொரு குளிசையும் விழுங்கி வந்தமை வெளிப்பட்டது. பெயர் இரண்டு; உள்ளிருந்த பரசிற்றமோல் ஒன்றே. வளர்ந்தோர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அஃதாவது எட்டுக் குளிசைக்கு மேல், உட்கொண்டால் ஈரல் பழுதுறலாம். அவனோ கணக்கு வைத்திருக்கவில்லை. யாமிருவரும் முச்சக்கர வண்டியொன்றில் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டெங்கு என்றே கண்டனர். மூன்றாம் வாரம் மெலிந்த உடம்போடு மீண்டும் மூட்டைக்கு வந்தான்.

2016இல் 48 மருந்துகளுக்கு அரசாங்கம் உச்ச விலை விதித்தது. அதற்கு முந்திய ஆண்டிற் பிறந்த மருந்துச் சட்டமோ, வைத்தியர் தம் துண்டிலே பொதுப்பெயரையும் எழுதவேண்டும் என்கின்றது. ஆயின் தலையிடிக்குத் துண்டு கொண்டு வந்த ஒருவரையும் அம்மருந்துக்கடையில் யான் கண்டதில்லை. பெயரைச் சொல்லிக் காசை நீட்டுவர். குளிசையை அங்கேயே வாயிலிட்டுக்கொண்டு, அடுத்த மூட்டைக்கு ஓடுவர்.