காஃபிலாவும் தனிவழியும்

"வாப்பா, நான் தனியாகவே மிஸ்ருக்குப் போய்வரட்டுமா?" என்று சென்ற மாதம் என் மகன் கேட்டான். முதுகில் ஒரு பை, கையில் ஒரு கைப்பேசி, இவையே போதுமாம். வழிகாட்டியும் வேண்டாம், நிகழ்ச்சி நிரலும் வேண்டாம். மனம் ஒப்பிய ஊரில் தங்கி, ஒப்பாத ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடலாம் என்றான். அவன் உம்மாவோ, "போவதானால் குழுவோடு போ, இல்லையேல் போகவே வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். வழக்கு என் முன் வந்தது. உடனே தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை. இரண்டு வழிகளையும் ஒரே பயணத்தில் கண்டு, இரண்டினாலும் பாடம் பெற்றவன் நான்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கணவரை இழந்த என் லாத்தாவை அழைத்துக்கொண்டு ஒரு சுற்றுலாக் குழுவோடு கெய்ரோ சென்றேன். விமான நிலையத்தில் இறங்கியதும் பேருந்து காத்திருந்தது. தங்குமிடம், உணவு, தொழுகைக்கு நிறுத்தும் இடம், எல்லாவற்றையும் எங்களுக்காக வேறொருவர் சிந்தித்து வைத்திருந்தார். முழங்கால் வலியுள்ள லாத்தாவுக்கு இது பேருதவி. ஜீஸாவின் பிரமிடுகளையும், ஸலாஹுத்தீன் அய்யூபியின் கோட்டையையும், கானுல் கலீலிக் கடைத்தெருவையும் கண்டோம். அத்தர் கடையிலும் பாப்பிரஸ் ஓவியக் கடையிலும் மட்டும் இரண்டு மணி நேரம் கழிந்தது. அத்தெருவுக்கு எதிரேயுள்ள அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்குக் கிடைத்ததோ இருபது நிமிடம்!

நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தேன். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் அதில் இல்லை. கடைத்தெருவிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில், கராஃபா எனும் பழைய அடக்கத்தலப் பகுதியில் அது இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டபோது, "பேருந்துக்கு அந்த வழி ஒத்துவராது" என்று பணிவாகவே கூறினார். முப்பது ஆண்டுகளாக ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன், அந்த இமாமின் நகருக்கு வந்தும் ஸலாம் சொல்லாமல் திரும்புவதா? என் மனம் ஒப்பவில்லை.

அந்த இமாமின் வாழ்வே ஒரு பயணமன்றோ! ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டு, பக்தாதில் கற்பித்து, இறுதியில் மிஸ்ருக்கு வந்து, ஹிஜ்ரி 204இல், அதாவது கி.பி. 820இல், மறைந்தார்கள். இராக்கில் அவர்கள் கூறியதைப் 'பழைய சொல்' என்றும், மிஸ்ரில் கூறியதைப் 'புதிய சொல்' என்றும் மத்ரஸா மாணவர் ஒவ்வொருவரும் படிக்கிறோம். புதிய ஊரில் புதிய சான்றுகளைக் கேட்டு, தம் கருத்தையே மீண்டும் எடைபோட்டுப் பார்த்த துணிவு அது. நாங்களோ நம் ஊர்ச் சாம்பாரையும் நம் ஊர்ப் பேச்சையும் பேருந்துக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, கண்ணாடி வழியே மிஸ்ரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் குழு அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டது. லாத்தாவைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, நான் ஒரு வாடகைக் காரை நிறுத்தினேன். இலக்கணம் வழுவாத அரபியில் இடத்தைச் சொன்னேன். ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்து, "வானொலிச் செய்திபோல் பேசுகிறீர்களே!" என்றார். 'ஜமீல்' என்பதை அவர் 'கமீல்' என்றார். நான் ஐம்பது வயதில் மீண்டும் மாணவனானேன். பேருந்தில் ஐந்து நாளில் கிடைக்காத அரபி, அந்தக் காரில் அரை மணி நேரத்தில் கிடைத்தது.

சுல்தான் அல் காமில் 1211இல் எழுப்பிய குவிமாடம் அது. அதன் உச்சியில் ஒரு சிறு படகு. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கு என்கிறார்கள். உள்ளே ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்து மரவேலைப்பாடு. ஸலாம் உரைத்து, யாஸீன் ஓதி, என் உஸ்தாத்மார்களுக்கும் மாணவர்களுக்கும் துஆச் செய்தேன். எத்தனை நேரம் அங்கிருந்தேன் என்று கூறத் தெரியவில்லை. "ஏறுங்கள்" என்று அழைக்க அங்கே எவருமில்லை.

மாலையில் தங்குமிடம் திரும்பினால் லாத்தாவின் அறையில் கூட்டம். அருங்காட்சியக நெரிசலில் அவர் மயங்கி விழுந்திருக்கிறார். வழிகாட்டி மருத்துவரிடம் கொண்டுபோய், ஊசி போடச் செய்து, பத்திரமாகத் திரும்பக் கொணர்ந்திருக்கிறார். மூன்று மணி நேரம் என்னைத் தேடியிருக்கிறார்கள். என் கைப்பேசி அந்நாட்டில் இயங்கவில்லை. போகுமிடத்தையும் எவரிடமும் நான் சொல்லிச் செல்லவில்லை. வெட்கித் தலைகுனிந்து நின்றேன். லாத்தா என் கையைப் பற்றி, "நீ போனது சரிதான் தம்பி. சொல்லாமல் போனதுதான் தப்பு. இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் என் கதி என்ன?" என்றார். எந்தக் கூட்டத்தை மனத்துக்குள் இகழ்ந்தேனோ, அந்தக் கூட்டமே என் கடமையைச் செய்திருந்தது.

இப்னு பதூதா 1325இல், தம் இருபத்தோராம் வயதில், தன்ஜாவிலிருந்து தனியாகவே புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது, மற்றவர்களை வரவேற்க ஆளிருந்தது. அவருக்கு ஸலாம் சொல்லவும் ஒருவருமில்லை. கண்ணீர் விட்டு அழுதார். பின்னர் அதே ஊரில் ஹாஜிகளின் காஃபிலாவில் சேர்ந்தார்; அதன் காழியாகவும் ஆனார். வழி நெடுகிலும் அவர் கூட்டத்தில் சேர்ந்தார், பிரிந்தார், மீண்டும் சேர்ந்தார். உலகம் போற்றும் அந்தப் பயணியே இரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே என் மகனுக்கு இவ்வாறு கூறினேன்: "முதியவரையோ நோயாளியையோ அழைத்துச் செல்பவன் குழுவோடுதான் செல்ல வேண்டும், அங்கே அவனுடைய விருப்பம் இரண்டாவதுதான். உனக்கு அந்தப் பொறுப்பில்லை. அரபியும் ஓரளவு தெரியும். ஆனால் தனியே வேண்டாம். நண்பர் இருவரைச் சேர்த்துக்கொள். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் தங்குமிடம் உறுதி செய்துகொள். மற்ற நாட்கள் உன் விருப்பம். அந்நாட்டில் இயங்கும் கைப்பேசி எண்ணை முதல் நாளே வாங்கு. ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறாய் என்று உம்மாவுக்குச் சொல்லிவிடு."

அவன் உம்மா சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அந்த மூவரில் அமீர் யார் என்று எனக்கு முதலில் தெரிய வேண்டும்" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது. இமாம் அவர்களுக்கு என் ஸலாமையும் எடுத்துச் செல்லுமாறு மகனிடம் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் அவர்களின் பயணத்தை நன்மையாக்குவானாக!