அமரத்தில் ஏறிய பாரம்

எங்கள் தாத்தாவிடம் ஒரு சம்பான் உண்டு. பதினாறு அடி நீளம். செங்கால் பலகையால் 1974-இல் கட்டியது. பாகான் டத்தோவில் தென்னந்தோட்ட வேலை முடிந்ததும் துடுப்புப் போட்டுக்கொண்டு பேராக் ஆற்றின் கழிமுகத்துக்கு வலை வீசப் போவாராம். அந்த மீனும் இறாலும்தான் என் அப்பாவையும் சித்தப்பாவையும் பள்ளிக்கு அனுப்பின என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் கதை. பாட்டி போனபிறகு, தோள்வலியும் சேர்ந்துகொள்ள, சம்பான் கொட்டகைக்குள் ஏறிவிட்டது. ஆறு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

2019-ஆம் ஆண்டு பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது தாத்தா கேட்டார்: “தம்பி, நீ இஞ்சின் படிப்புதானே படிக்கிற? இந்தச் சம்பானுக்கு ஒண்ணு மாட்டிக் கொடேன். இன்னொரு தடவ ஆத்துவாய் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். சும்மா இருப்பேனா? சித்தப்பாவின் நண்பர் ஒருவரிடம் பழைய இஞ்சின் விலைக்கு வந்தது. 15 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், எடை ஏறத்தாழ 40 கிலோ. “பெரிசா இருந்தா நல்லதுதானே?” என்றார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன். தாத்தா மட்டும் இஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுச் சொன்னார்:

“அமரத்துல பாரம் ஏறினா அணியம் வானத்தப் பாக்கும்டா.”

எனக்குப் புரியவில்லை. அணியம் என்றால் படகின் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். தாத்தாவின் அப்பா நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சொற்கள். மொழிக் கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பேச்சுப் போட்டி மேடை ஏறிய எனக்கு, அந்த இரண்டு சொற்களும் அன்றுவரை தெரியாது! அர்த்தம் கேட்கவும் அன்று பொறுமை இல்லை.

சம்பானை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டோம். பலகை உப்பி இடுக்குகள் மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் இஞ்சினைப் பின்பலகையில் மாட்டி, இரண்டு திருகுகளையும் இறுக்கி, நானும் சித்தப்பாவும் ஏறினோம். தாத்தா கரையில் நின்றார். கைப்பிடியைத் திருகியதுதான் தாமதம். முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் அமிழ்ந்தது. தண்ணீர் பலகைக்கு மேலாக உள்ளே பாய்ந்தது. கூடவே ‘படார்’ என்று ஒரு சத்தம். பின்பலகை திருகுக்குக் கீழே நீளமாகப் பிளந்திருந்தது. நல்ல வேளையாகக் கரை பக்கத்தில்தான் இருந்தது. இடுப்பளவுச் சேற்றில் இறங்கி இழுத்து வந்தோம்.

தாத்தா திட்டவில்லை. பிளந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் நான் உண்மையிலேயே படித்தேன். தண்ணீரைக் கிழித்துப் போகும் இவ்வகைப் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும். எங்கள் சம்பானுக்கு அந்த நீளம் 14 அடி. வேகம் 5 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதற்குமேல் எத்தனை குதிரைகளைப் பூட்டினாலும் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏற முயலும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும். தாத்தா ஒரே வரியில் சொன்னதும் இதைத்தான்!

இன்னொரு தவறும் இருந்தது. அவுட்போர்ட் இஞ்சின்களின் தண்டு பெரும்பாலும் 15 அங்குலம் அல்லது 20 அங்குலப் பலகைக்கு ஏற்றபடி வரும். எங்கள் பின்பலகையின் உயரம் பதினான்கரை அங்குலம். நாங்கள் மாட்டியதோ நீளத் தண்டு. விசிறி தேவைக்குமேல் ஆழத்தில் தள்ள, நெம்புகோல்போல் பலகையின் மேல் விழுந்த பலம் கூடிவிட்டது. துடுப்புக்காகக் கட்டிய பலகை அது. உள்ளுக்குள் உளுத்தும் போயிருந்தது. எப்படித் தாங்கும்?

மறுநாள் தாத்தா முன்னால் போய் நின்றேன். “தப்புப் பண்ணிட்டேன் தாத்தா. இந்தத் தடவ நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இழைப்புளிய எடுத்துட்டு வா” என்றார்.

உளுத்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்தோம். உட்பக்கம் மெரின் பிளைவுட் ஒன்றை எபோக்சி பசையால் ஒட்டிப் போல்ட் போட்டோம். இரு மூலைகளிலும் முட்டுக்கட்டை கொடுத்தோம். இனி இஞ்சினின் தள்ளு விசை பின்பலகையோடு நிற்காமல் பக்கப் பலகைகளுக்கும் பரவும். உயரம் அரை அங்குலம் குறைந்ததால் மேலே ஒரு கட்டை வைத்தோம். பழைய படகின் பின்பலகை ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். இஞ்சினோ சாய்ந்த பலகையை எதிர்பார்க்கும். அதற்காக ஓர் ஆப்புக்கட்டையைத் தாத்தா இழைத்தார். அளவுகோல் கேட்கவில்லை. கண்ணாலேயே பார்த்தார். பிறகு நான் கோணமானி வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது!

தெலுக் இந்தானில் புது இஞ்சின் வாங்கினோம். 5 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக், குட்டைத் தண்டு, ஏறத்தாழ 25 கிலோ. இதற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை. விசிறிக்கு மேலுள்ள தட்டை, படகின் அடிப்பாகத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி பொருத்தினோம். அதைவிட உயர்ந்தால் விசிறி காற்றை இழுக்கும். தாழ்ந்தால் வேகம் குறையும், சேற்றிலும் இடிக்கும். திருகு தளர்ந்தாலும் இஞ்சின் ஆற்றுக்குள் போகாதபடி ஒரு சங்கிலி. ஓட்டிவிட்டு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு. தாத்தா அமரத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். “நீ அணியத்துக்குப் போ, பாரம் சரியாகும்” என்றார். இம்முறை எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சம்பான் மட்டமாக, அவசரமில்லாமல் நகர்ந்தது. கழிமுகம் தெரிந்ததும் இஞ்சினை நிறுத்தினார். வலை ஏதும் கொண்டுவரவில்லை. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உங்க பாட்டிக்கு இந்த இடத்து இறாலுதான் பிடிக்கும்” என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே, பழைய ஒன்றுக்குப் புதிய சக்தி கொடுக்க நினைப்பவர்கள் நம்மில் பலர். படகாக இருந்தாலும் சரி, வீடாக இருந்தாலும் சரி, நம் மொழிக் கழகமாகவே இருந்தாலும் சரி, முதலில் அந்தப் பழைய பலகை எவ்வளவு தாங்கும் என்று அளந்து பாருங்கள். அதைக் கட்டிக் காத்தவர் பக்கத்தில் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வது புரியாத தமிழாக இருந்தால், அர்த்தத்தையும் கேட்டுவிடுங்கள். நான் அன்றே கேட்டிருந்தால் ஒரு பலகை பிளந்திருக்காது.