நோவைச் சொல்லுதல்

நாட்பட்ட நோவால் வருந்தும் பள்ளி மாணாக்கர்க்குத் திருவண்ணாமலையிற் சிலர் காட்டும் சான்று ஒன்றுண்டு. மதுரையில் உயர்நிலைப்பள்ளியிற் பயின்ற வேங்கடராமன் 1896-ஆம் ஆண்டு, தமது 16-ஆம் வயதில், இப்பதியடைந்து, ஆயிரக்கால் மண்டபத்துப் பாதாளலிங்கத்தருகே நிட்டையில் அமர்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் உணர்ந்திலர். அவரே பின்னாளில் இரமண மகரிஷிகள்.

"அவரைப்போற் பொறுத்துக்கொள்" என்பது நோயுற்ற பிள்ளைக்கு மருந்தாகாது. அவர் பொறுத்தாரல்லர், அறிந்திலர். அறிந்து துன்புறுவார்க்கு வழிகாட்டி அப்பரடிகளே. சூலைநோய் வருத்தியபோது அவர் அதனை மறைத்திலர். தமக்கையார் திலகவதியார்க்கு ஆள்விடுத்து அறிவித்தார். திருவதிகையில் இறைவன்பால் வாய்விட்டு முறையிட்டார். அண்ணாமலையைப் பாடியதும் அந்நாவே.

ஆதலின் நோவைச் சொல்லுதல் அன்புநெறிக்கு இழுக்கன்று. பிள்ளை சொல்லுங்கால் பெற்றோரும் ஆசிரியரும் ஐயுறாது கேட்க; மருத்துவரை நாடுக. திலகவதியார் திருநீறளித்தது, தம்பி சொன்னதைக் கேட்ட பின்னரன்றோ!